உங்களுக்குத் தெரியுமா? யார்க்டவுனில் தோற்றவர் ஓசூரைப் பிடித்தார்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் பெற 6 கிரெடிட் அமெரிக்க வரலாறு படித்தே ஆகவேண்டும். அது மாநிலச் சட்டம். ஓசூரிலிருந்து பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

அந்த வகுப்பில் அமெரிக்க விடுதலைப் போரின் 1781 யார்க்டவுன் சண்டை பெரும்பாலும் வரும். அங்கே வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ். பத்தே ஆண்டில் அவரே இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக, திப்பு சுல்தானை எதிர்த்து நம் பகுதிக்குப் படை அனுப்பினார். 1791 ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் அடுத்தடுத்து விழுந்தன.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மட்டும் மசியவில்லை. அந்த நவம்பரில் பிரிட்டிஷ் தளபதி மேக்ஸ்வெல்லின் படை அடிவாரப் பேட்டையைப் பிடித்துவிட்டு இரவோடு இரவாக மேலே ஏறப் பார்த்தது. கோட்டைக் காவலர்கள் பெரும் பாறைகளை உருட்டிவிட்டு ஏணிகளையும் ஆட்களையும் சேர்த்தே நொறுக்கினார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. யார்க்டவுனையும் இதையும் சேர்த்துப் படிக்காதவருக்குக் காரன்வாலிஸ் பாதிதான் தெரியும் என்பேன்.

இன்னொன்றும் உண்டு. திப்புவின் தந்தை ஹைதர் அலி பிரிட்டிஷாரை எதிர்த்த புகழ் அட்லாண்டிக் கடந்தும் எட்டியிருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர். 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில், ஜோஷுவா பார்னி தலைமையில், தன்னைவிட வலிய 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலை அது அரை மணி நேரத்துக்குள் சிறைபிடித்தது.