இருதிசைக் காற்றும் அடுப்படிப் புகையும்

கணவாய் ஊரின் சமையலறை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்ட எல்லையை ஒட்டியுள்ள வேலந்தாவளம், மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பக்கத்தில் அமைந்திருப்பதால், ஆண்டில் இருமுறை எதிரெதிர்த் திசைகளிலிருந்து வரும் பலத்த காற்றுக்கு ஆட்படுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் வறண்ட காற்று கிழக்கிலிருந்து திரும்பி வீசுகிறது. அடுப்புக்கு மேலே பொருத்தி, மின்விசிறியால் புகையை உறிஞ்சிக் குழாய் வழியே வெளியேற்றும் கருவியான சிம்னியை வாங்குவோர் அதன் விலையையும் உறிஞ்சுதிறனையும் விசாரிக்கும் அளவுக்கு இக்காற்றைப் பொருட்படுத்துவதில்லை. இப்பகுதி வீடுகளிலோ, குழாயின் வாய் எத்திசையை நோக்கித் திறக்கிறது என்பதே கருவியின் பயனைத் தீர்மானிக்கிறது.

புகையில் கலந்திருப்பவை

விறகும் தென்னை மட்டையும் எரியும்போது எழும் புகையில், தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நுண்துகள்கள் நிறைந்துள்ளன; பி.எம். 2.5 எனப்படும் இவை மூக்கில் தங்காமல் நுரையீரலின் சிற்றறைகள் வரை சென்றுவிடுகின்றன. வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எரிவாயு அடுப்புக்கு மாறியதால் இத்துகள்கள் பெரிதும் குறைந்தாலும் தொல்லை முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை; ஏனெனில் அதன் சுடரில் மூச்சுக்குழாயை உறுத்தும் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. எண்ணெய் அளவுக்கு மீறிக் காயும்போது கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் என்னும் ஆவியும் எழுகிறது. மிகு வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் 2ஏ பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

சமையலறையின் காற்று மணிக்குப் பத்து முதல் பதினைந்து முறை முழுமையாக மாற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 10 அடி நீளமும் 8 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு சுமார் 22.6 கன மீட்டர் என்பதால், பன்னிரண்டு முறை மாற்றுவதற்கு மணிக்கு ஏறத்தாழ 270 கன மீட்டர் போதும். குழாயின் நீளத்திலும் வளைவுகளிலும் இழப்பு ஏற்படுவதையும், வறுவலும் தாளிப்பும் நம் சமையலில் மிகுதி என்பதையும் கருதி இதை இரண்டரை மடங்கு ஆக்கினாலும் 700 கன மீட்டரை எட்டுவதில்லை. கடைகளில் 1200 கன மீட்டர் என்ற எண்ணைக் காட்டி விற்பதில் பெருமைக்குரியது ஏதுமில்லை. மிகையான உறிஞ்சுதல் வேறொரு கேட்டை விளைவிக்கக்கூடும் என்பது பின்னர் விளங்கும். கருவியின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையாமலும், அடுப்புக்கும் அதற்கும் இடையே 65 முதல் 75 சென்டிமீட்டர் வரையிலும் இருத்தல் வேண்டும். புகையைக் கரித்தூள் வழியே வடித்து அறைக்குள்ளேயே திருப்பி விடும் குழாயில்லாத வகை, நாற்றத்தைக் குறைக்குமேயன்றி ஈரத்தையும் கார்பன் மோனாக்சைடையும் அகற்றாது. ஆதலால் வெளிச்சுவர் உள்ள வீட்டில் அதை வாங்குவது வீண்.

குழாய் திறக்க வேண்டிய திசை

மனை சாத்திர வழக்கப்படி சமையலறை தென்கிழக்காகிய அக்கினி மூலையில் அமைவதாலும், சமைப்பவர் கிழக்கு நோக்கி நிற்பதாலும், அடுப்பும் சிம்னியும் பெரும்பாலும் கிழக்குச் சுவரை ஒட்டியே வருகின்றன. பொருத்த வருபவர் அச்சுவரிலேயே துளையிட்டு நேராகக் குழாயை வெளியே விட்டுவிடுவது எளிது. வளைவின்மையால் இழப்பும் குறைவு. ஆடிக்காற்று வீசும்போது கிழக்குச் சுவர் காற்றின் மறைவில் இருப்பதால் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது; தை மாதத்திலோ கிழக்குக் காற்று குழாயின் வாயிலேயே மோதி, விசிறி ஓடாத வேளையில் எண்ணெய்ப் பிசுக்கு நாற்றத்தையும் தூசியையும் அடுப்பின் மீது கொண்டுவந்து கொட்டுகிறது. காற்று சுவரை உரசியபடி பக்கவாட்டில் ஓடும்போது அச்சுவரின் மீது அழுத்தம் குறைந்து, குழாயிலுள்ள புகை வெளியே இழுக்கப்படுகிறது என்பதால், இரு பருவங்களுக்கும் பொருந்துவது தெற்குச் சுவரே. ஒரு வளைவு கூடினாலும் பரவாயில்லை. குழாய் ஆறு அங்குல விட்டத்துக்குக் குறையாமலும், அதன் வாயில் வெளிக்காற்றைத் தடுக்கும் மடல் மூடியுடனும், அருகே சன்னல் இல்லாமலும் இருப்பது நன்று. காற்று வீசும் நாளில் விசிறியை நிறுத்திவிட்டு, எரியும் ஊதுபத்தியைச் சிம்னியின் அடிப்புறச் சல்லடையின் அருகே பிடித்தால், புகை மேலேறுகிறதா கீழே தள்ளப்படுகிறதா என்பதைக் கொண்டே குழாயின் நிலையை அறியலாம்.

இரண்டு அடுப்புள்ள வீடுகள்

பாலக்காடு மாவட்டத்து முண்டூரில் 1987இல் நிறுவப்பட்ட ஒருங்கிணைந்த ஊரகத் தொழில்நுட்ப மையத்தைத் தோற்றுவித்த மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980களில் புகைபோக்கியுடன் கூடிய விறகடுப்பைக் கேரள வீடுகளில் பரப்பியது. பரிஷத் அடுப்பு என்றே அது அறியப்பட்டது. சூடான புகை தானாக மேலெழும் இயல்பையே இத்தகைய அடுப்புகள் நம்பியுள்ளன. தென்னந்தோப்புகள் சூழ்ந்த இப்பகுதியில் மட்டைக்கும் சிரட்டைக்கும் பஞ்சமில்லாததால், எரிவாயு வந்த பிறகும் விறகடுப்பு பல வீடுகளில் நீடிக்கிறது. அதே அறையிலோ அடுத்த அறையிலோ ஆற்றல் மிகுந்த சிம்னியைச் சன்னல்களை அடைத்துவிட்டு ஓட்டினால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வேண்டிய காற்று, விறகடுப்பின் புகைபோக்கி வழியே இறங்கி, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடையும் உடன் கொண்டுவருகிறது. எதிர்ப்புறச் சன்னலை நான்கு விரல் அளவேனும் திறந்து வைப்பதே இதற்குப் போதுமான மாற்று. சமைக்கும் வேளையில் வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் தோன்றினால், உடனே அனைவரும் வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது வீட்டில் எரிந்த அடுப்பைப் பற்றியும் மறவாமல் கூற வேண்டும்.