பழைய ஸ்டீரியோ ஒலிபெருக்கிகளைச் சீரமைத்தலும் மதிப்பிடுதலும்

பழைய ஸ்டீரியோ ஒலிபெருக்கிகளைச் சீரமைத்தல் என்பது, சில பத்தாண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்ட ஒலிபெருக்கி இணைகளில் காலத்தால் பழுதான பாகங்களை மட்டும் மாற்றி, அவற்றை முதலில் இருந்த ஒலித் தன்மைக்கு இயன்றவரை மீட்பதாகும். மதிப்பிடுதல் என்பது, ஓர் இணை வாங்கத் தக்கதா, பழுது நீக்கிய பின் சரியாக ஒலிக்கிறதா என்பதைச் சோதித்து அறிவதாகும்.

பின்னணி

இன்றும் பரவலாகப் பயன்படும் நகரும் சுருள் வகை ஒலிபெருக்கியின் அடிப்படையைச் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகியோர் 1925-இல் வெளியிட்டனர். ஸ்டீரியோ ஒலிக்கான காப்புரிமைக்கு ஆலன் புளூம்லைன் 1931-இல் விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958-இல் பரவலாக விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் 1991-க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. எனவே பிலிப்ஸ், காஸ்மிக், 1970-இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட சோனோடைன் போன்றவையும், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் கொண்டுவந்த ஜப்பானியப் பெட்டிகளும் வீடுகளில் இடம்பெற்றன.

காட்டாங்குளத்தூர், தாம்பரம் பகுதியினருக்கு இவை கிடைக்கும் முக்கிய இடம் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை. செங்கல்பட்டு – கடற்கரை புறநகர் ரயிலில் அங்கு செல்லலாம். உதிரி பாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு பெயர் பெற்றது.

பழுதாகும் பாகங்கள்

விளிம்பு வளையம்: கூம்பையும் வெளிச்சட்டத்தையும் இணைக்கும் வளையம் இது. பாலியூரித்தேன் நுரையாலான வளையம் காற்றின் ஈரப்பதத்தால் வேதி முறையில் சிதையும். தொட்டாலே பொடியாக உதிரும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது விரைவாக நிகழும். துணி, ரப்பர் வளையங்கள் பொதுவாக நெடுநாள் உழைக்கும்.

மின்தேக்கி: வூஃபருக்கும் டுவீட்டருக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் சுற்றில் உள்ள மின்பகு மின்தேக்கிகள் நாளடைவில் உலர்ந்து, அவற்றின் மதிப்பு மாறும். இதனால் உயர் சுருதி மங்கலாகக் கேட்கும்.

குரல் சுருள்: பெருக்கியை அதன் திறனுக்கு மேல் முடுக்கும்போது ஒலியலை வெட்டுப்படும். அப்போது டுவீட்டரின் மெல்லிய சுருள் எரிந்துவிடுகிறது.

பெட்டி: மரத்தூள் பலகை நீரில் ஊறினால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் பல வீடுகளுக்குள் நீர் புகுந்தது. வெள்ளத்தில் நனைந்த பெட்டியின் அடிப்பகுதி உப்பியிருக்கும். காந்த இடைவெளியில் துருவும் சேர்ந்திருந்தால் அந்த ஒலிபெருக்கியைச் சீரமைப்பது பெரும்பாலும் பயனற்றது.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

1. முன்புற வலைத்துணியைக் கழற்றி விளிம்பு வளையத்தைப் பார்க்க வேண்டும்.

2. விரல்களைக் கூம்பின் எதிரெதிர்ப் புறங்களில் வைத்து, சமமாக, மெல்ல அழுத்த வேண்டும். உரசும் ஒலி வந்தால் சுருள் நடுவிலிருந்து விலகியுள்ளது அல்லது சிதைந்துள்ளது எனப் பொருள்.

3. மல்டிமீட்டரால் வூஃபரின் மின்தடையை அளக்க வேண்டும். 8 ஓம் எனக் குறிக்கப்பட்டது ஏறத்தாழ 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். இது பழுதன்று, 8 ஓம் என்பது மாறுதிசை மின்னோட்டத்துக்கான மறிப்பு. முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துள்ளது.

4. 1.5 வோல்ட் மின்கலத்தை வூஃபர் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொட வேண்டும். இரு வூஃபர்களின் கூம்புகளும் ஒரே திசையில் நகர வேண்டும். சில பழைய ஜேபிஎல் வூஃபர்களில், சிவப்பு முனையில் நேர்மின் தொட்டால் கூம்பு உள்நோக்கிச் செல்லும். எனவே திசையைவிட இரண்டும் ஒத்திருப்பதே முக்கியம். டுவீட்டரில் இச்சோதனையைச் செய்யக் கூடாது.

சீரமைக்கும் முறை

வளையத்தை மாற்றும்போது "8 அங்குலம்" என்ற பெயரளவை நம்பாமல், கூம்பின் விட்டத்தையும் சட்டத்தின் உள், வெளி விட்டங்களையும் அளந்து வாங்க வேண்டும். பழைய பசையை முழுதும் நீக்கி, முதலில் கூம்பின் பக்கம் ஒட்ட வேண்டும். பின்னர் சட்டத்தில் ஒட்டும்போது கூம்பை மெல்ல அசைத்து, உரசல் இல்லாதபடி நடுவில் நிறுத்த வேண்டும். பசை உலர ஒரு நாள் விடுவது நல்லது. தடித்த ரப்பரை ஒட்டினால் அதிர்வுத் தன்மை மாறி, தாழ்சுருதி குறையும்.

மின்தேக்கிகளை இரு பெட்டிகளிலும் ஒருசேர மாற்ற வேண்டும். துருவமற்ற வகையையே பயன்படுத்த வேண்டும். மைக்ரோஃபாரட் மதிப்பு மாறக் கூடாது. வோல்ட் அளவு கூடுதலாக இருக்கலாம். பிலிம் வகை மின்தேக்கியின் உள்தடை குறைவு என்பதால் டுவீட்டர் சற்று உரக்க ஒலிக்கக்கூடும்.

அல்னிக்கோ காந்தத்தைப் பிரிக்கக் கூடாது. காந்தச் சுற்றிலிருந்து கழற்றினால் அதன் வலிமை குறைந்துவிடும்.

ஒலியை மதிப்பிடுதல்

முதலில் ஒற்றைத் தட ஒலியை இரு பெட்டிகளிலும் இசைக்க வேண்டும். கேட்பவர் இரண்டுக்கும் சம தூரத்தில் அமர்ந்தால், குரல் நடுவிலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும். குரல் எங்கிருந்து வருகிறது எனத் தெளிவின்றி, தாழ்சுருதியும் குறைந்தால், ஒரு பெட்டியின் கம்பிகள் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் குறை இருந்தால், இரு பெட்டிகளின் கம்பிகளையும் பெருக்கியில் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். குறை பெட்டியுடன் சென்றால் பழுது பெட்டியில். அதே பக்கத்து இணைப்பிலேயே நின்றால் பழுது பெருக்கியிலோ அதற்கு முந்தைய கருவியிலோ உள்ளது.

இரு இணைகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துவது கட்டாயம். சிறிதளவு உரக்க ஒலிப்பதே காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். எது ஒலிக்கிறது எனத் தெரியாதபடி திரை மறைவில் கேட்பது விலை, பெயர் ஆகியவற்றின் தாக்கத்தைத் தவிர்க்கும். மூலையில் வைத்த பெட்டி தாழ்சுருதியைக் கூட்டிக் காட்டும் என்பதால், இரு இணைகளையும் ஒரே இடத்தில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

மாற்றாமல் விட வேண்டியவை

நன்றாக இயங்கும் பாகத்தை மாற்றுவது சீரமைப்பு ஆகாது. உரசலும் கிழிசலும் இல்லாத கூம்பை, "புதிது நல்லது" என்று கடையில் மாற்றினால், எடையும் விறைப்பும் வேறாகி, இரு பெட்டிகளும் வெவ்வேறாக ஒலிக்கும். தூக்கி எறிந்த கூம்பை மீண்டும் பெறுவது அரிது. எனவே வேலையைத் தொடங்குமுன் படமெடுத்து, கம்பி நிறங்களைக் குறித்து, கழற்றிய பாகங்களைப் பெயரிட்டுப் பாதுகாப்பது, பின்னர் பழுது பார்ப்பவருக்கும் உதவும்.