அட்மிஷனுக்கு முன் கேளுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் ஆஸ்பத்திரியில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அட்டை எங்கே செல்லும், எதற்குச் செல்லும் என்று தெரியாததே பல நேரங்களில் இதற்குக் காரணம்.

தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீடு, 2012 முதல் இன்றைய பெயரில் நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது.

இது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது. காய்ச்சல், சளிக்குத் தெருமுனை கிளினிக்கில் இந்த அட்டையைக் காட்டிப் பயனில்லை. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஆலோசனையும் மாத்திரையும் அங்கே இலவசம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது.

மூன்று கேள்விகள்

தனியார் மருத்துவமனையில் சேர்வதற்கு முன், அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் இவற்றைக் கேளுங்கள்.

1. இந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இப்போது இருக்கிறதா?

2. எங்களுக்கு வேண்டிய இந்தச் சிகிச்சைக்கும் இங்கே அனுமதி உண்டா? எலும்பு முறிவுக்கு அனுமதி பெற்ற இடத்தில் இதய அறுவைக்கு அனுமதி இல்லாமல் போகலாம்.

3. காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வந்துவிட்டதா?

"அப்ரூவல் வர நாளாகும், இப்போதைக்குப் பணம் கட்டுங்கள், அப்புறம் திருப்பித் தருகிறோம்" என்று சொன்னால் உஷாராகுங்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். அனுமதிக்கப்பட்ட தொகைக்குள் படுக்கை, மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை எல்லாம் அடங்கும். அதே சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்பது விதிமீறல். அப்படியும் கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கே முறையிடுவது?

திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளையும் இதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். எழுத்துப்பூர்வமான மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். ரசீது நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, அட்டை நகல் மூன்றையும் இணையுங்கள்.

சாலை விபத்து என்றால் அட்டையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமான வரம்பும் இல்லை, அட்டையும் தேவையில்லை.

அட்டை எடுக்காதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். புது மருமகள், பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்தத் திட்டம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. கூச்சப்படாமல் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை.