ஃபெராரி முகம், டிராக்டர் இதயம்: பெருங்களத்தூரில் பிறந்த சொகுசு கார் ஏன் தோற்றது?

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பைபாஸில் போயிருக்கிறீர்களா? மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று வரிசையாக ஊர்கள் வந்து போகும். நடுவில் ஒரு விநோதமான வண்டி உங்களை ஓவர்டேக் செய்யும். கேபின் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. மொட்டை சேசிஸ், அதன் மேல் ஒரு இன்ஜின், ஒரு ஸ்டீயரிங், ஒரு தற்காலிக சீட். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு டிரைவர் எதிர்காற்றில் ஓட்டிக்கொண்டு போவார். நாமக்கல் பட்டறைக்குப் போகிறது அந்த வண்டி. பாடி கட்டுவதெல்லாம் அங்கே போன பிறகுதான்.

அதனாலேயோ என்னவோ, இந்தப் பக்கத்து ஆட்களிடம் புது வண்டி வாங்கிய செய்தியைச் சொன்னால், கலரைப் பற்றியோ சீட்டைப் பற்றியோ உடனே கேட்க மாட்டார்கள். "என்ன இன்ஜினுங்க?" - முதல் கேள்வியே அதுதான்.

1985-ல் சென்னையை ஒட்டிய பெருங்களத்தூரில் ஒரு கம்பெனி, இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாமலே ஒரு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர். இந்தியாவில் அதுவரை யாரும் பார்த்திராத அழகு. கேட்ட விலையோ இரண்டு லட்சத்துக்கும் மேல். மூன்றே வருடத்தில் கதை முடிந்தது. கார் மட்டுமில்லை, கம்பெனியும் சேர்ந்தே போனது.

ஸ்போர்ட்ஸ் காருக்கு நாலு கதவா?

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தாழ்வாக, லேசாக, இரண்டு பேர் உட்காருகிற மாதிரி இருக்கும். பின்னால் இரண்டு பேரை வசதியாக உட்கார வைக்க வேண்டுமென்றால் கூரையை உயர்த்தணும், நீளத்தைக் கூட்டணும், இன்னும் இரண்டு கதவு வெட்டணும். எடை ஏறும், அழகு குறையும். ஏறிய எடையை இழுக்க இன்ஜினும் பெரிதாகணும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடிக்கும்.

அதனால்தான் இந்த வகைக் கார் யார் செய்தாலும் திட்டும் பாராட்டும் சேர்ந்தே வரும். 1963-ல் மசராட்டி செய்த காருக்கு குவாட்ரோபோர்ட்டே என்று பெயர். இத்தாலிய மொழியில் அதற்கு 'நாலு கதவு' என்றுதான் அர்த்தம். ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி நாலு கதவு வைப்பது அவ்வளவு பெரிய செய்தி! 2009-ல் போர்ஷே தன் பனமேராவை ஷாங்காயில் ஒரு கோபுரத்தின் 94-வது மாடிக்கு லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போய் அறிமுகம் செய்தது. அதன் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோமொபைல் பத்திரிகைகள் கிண்டலடித்துத் தள்ளின. ஆனால் ஓட்டிப் பார்த்தவர்கள் குறை சொல்லவில்லை. இன்ஜின் காப்பாற்றியது.

நம் கதை இதற்கு நேர் எதிர்.

லேலண்டு வீட்டுப் பிள்ளை

நாமக்கல்காரர்களுக்கு லேலண்டு என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எண்ணூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டில் 1987-ல் ஹிந்துஜா குழுமம் வாங்கும்வரை, பிரிட்டனின் லேலண்டுதான் பெரிய பங்குதாரர். அந்த பிரிட்டிஷ் லேலண்டின் குடையின் கீழ்தான் ரோவர், டிரையம்ஃப் போன்ற கார் பிராண்டுகளும் இருந்தன. ரோவர் 1976-ல் வெளியிட்ட கார் எஸ்.டி.1. டேவிட் பேச் என்பவர் டிசைன் செய்தார். ஃபெராரி டேடோனாவின் முகச்சாயலை ஒளிக்காமல் எடுத்துக்கொண்டார். தாழ்ந்த மூக்கு, ஒல்லியான ஹெட்லைட், பின்னால் சரிந்து இறங்கும் கூரை. நாலு கதவு போதாதென்று பின்னால் மேல்நோக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு வேறு. உள்ளே 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 155 குதிரைத்திறன். 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். 1977-ம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருதும் கிடைத்தது.

ஸ்பென் கிங் என்ற இன்ஜினீயர் செய்த ஒரு முடிவு எனக்குப் பிடிக்கும். பின் சக்கரங்களுக்கு சிக்கலான சஸ்பென்ஷன் எதுவும் வைக்காமல், நம் லாரியில் இருப்பதுபோல ஒரே தண்டாக ஆக்ஸிலை வைத்தார். செலவு குறைவு, ரிப்பேர் சுலபம். சொகுசுக் காருக்கு இதுவா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஓட்டினால் நன்றாகவே இருந்தது.

பிரச்னை வேறு இடத்தில். பெயின்ட் உரிந்தது, எலெக்ட்ரிக்கல் கோளாறுகள் வந்தன, அந்தக் காலத்து பிரிட்டிஷ் லேலண்டின் வேலைநிறுத்தங்களால் காத்திருப்பும் நீண்டது. 1986-ல் பிரிட்டனில் உற்பத்தி நிற்பதற்குள் மூன்று லட்சத்துக்கும் சற்று அதிகமான கார்கள் வெளிவந்திருந்தன. மோசமில்லை. ஆனால் எதிர்பார்த்தது அதைவிட அதிகம்.

நாலு கதவைக் கண்டுபிடித்தவர்கள்

பெருங்களத்தூர் கம்பெனிக்கு வருவோம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. யூனியன் கம்பெனியும் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் சேர்ந்து சென்னையில் தொடங்கியது. 1949-ல் வான்கார்டு காரைப் பாகங்களாகக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கினார்கள். 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டாக்டரோ வக்கீலோ, தெருவில் யாராவது ஒருவர் அதை வைத்திருந்திருப்பார்.

ஹெரால்டுக்கு பிரிட்டனில் கதவு இரண்டுதான். நம் ஊரில் வாங்குகிறவர்கள் அம்மா, மாமியார், பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்தோடு ஏறுகிறவர்கள். முன்சீட்டை மடக்கிப் பின்னால் போவதெல்லாம் இங்கே ஆகிற வேலையா? ஆக, இந்தியாவில் மட்டும் நாலு கதவு ஹெரால்டு வந்தது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அவர்களால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், ஹெரால்டுக்கு லாரியைப்போலத் தனி சேசிஸ் இருந்தது. பாடி அதன் மேல் போல்ட் போட்டு மாட்டுவது. நாமக்கல் பட்டறையின் தத்துவம்தான்: கீழே சரியாக இருந்தால் மேலே நமக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம். அதே ஹெரால்டு சேசிஸைக் குறுக்கித்தான் பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தார்கள்.

ஹெரால்டுக்கு அடுத்து கஸல். 1972-ல் வந்து 1977-ல் நின்றது. அப்புறம் பல வருடம் பெருங்களத்தூரில் காரே கிடையாது, ஸ்டாண்டர்டு 20 என்ற வேன் மட்டும்தான். 1980-களின் தொடக்கத்தில் மத்திய அரசு வாகனத்துறையின் கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்தியதும், கம்பெனி மறுபடி காருக்குத் திரும்பியது. தேர்ந்தெடுத்தது ரோவர் எஸ்.டி.1-ஐ.

பானெட்டைத் திறந்தால்...

பாடி ரோவருடையது. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். அம்பாஸடரும் பத்மினியும் ஓடிய ரோட்டில் அது வேற்றுக்கிரக வாகனம்.

பானெட்டுக்கு அடியில் வி8 இல்லை. ரோவரே 1982 முதல் இந்தக் காரில் பொருத்திய புதிய 2 லிட்டர் இன்ஜினும் இல்லை. இருந்தது 1,991 சிசி, நாலு சிலிண்டர் இன்ஜின். கம்பெனிக்கு நெடுநாள் பழகிய வான்கார்டு பரம்பரை. 1940-களில் வடிவமைத்தது!

இந்த இன்ஜினைக் கேவலமாகச் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. அதன் சரித்திரம் பெரியது. கவன்ட்ரியில் செய்த ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரில் உழுதது இந்தக் குடும்பத்து இன்ஜின்தான். டாஃபே வழியாக நம் ஊர் விவசாயிக்குத் தெரிந்த அதே ஃபெர்குசன் பெயர். 1953-ல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1,991 சிசி இன்ஜின், 160 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. சிலிண்டரின் உள்சுவர் தனிக் குழாயாக இருக்கும், அதைச் சுற்றிக் கூலன்ட் தண்ணீர் ஓடும். 'வெட் லைனர்' என்பார்கள். தேய்ந்துபோனால் பிளாக்கையே தூக்கிப் போட வேண்டாம். லைனரையும் பிஸ்டனையும் மாற்றினால் இன்ஜின் புதுசு. ரிக்கும் லாரியும் பார்த்து வளர்ந்த திருச்செங்கோட்டு மெக்கானிக்கிடம் கொடுத்தால் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார்.

பிறகு எங்கே தப்பு நடந்தது? கணக்கில். டி.ஆர்.2-வின் எடை ஒரு டன்னுக்கும் கீழே. ரோவர் பாடி ஒன்றேகால் டன்னைத் தாண்டும். அதை இழுக்க இந்த இன்ஜின் தந்தது 80 சொச்சம் குதிரைத்திறன். வி8 தந்ததில் பாதிதான் வரும். ஏ.சி போட்டு, நாலு பேர் ஏறி, டிக்கியில் சாமான் வைத்துக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். அல்லது ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை. முகத்தைப் பார்த்தால் பறக்கும் என்று தோன்றும், மிதித்தால் மூச்சுவாங்கும். போதாக்குறைக்கு, நம் ரோட்டுப் பள்ளங்களுக்காக சஸ்பென்ஷனைத் தூக்கி வைத்தார்கள். தரையோடு தரையாக நிற்கவேண்டிய கார், வேட்டியை மடித்துக் கட்டியதுபோல நின்றது.

விலையையும் சேர்த்துப் பாருங்கள். 1983 கடைசியில் வந்த மாருதி 800-ன் விலை அரை லட்சத்தை ஒட்டித்தான். ஸ்டாண்டர்டு 2000 வாங்கும் காசில் நாலு மாருதி! மாருதியின் இன்ஜின் சின்னதுதான், ஆனால் ஜப்பானிய வடிவமைப்பு, புதுசு. இரண்டு லட்சம் கொடுக்கிறவருக்குத் தன் அப்பா காலத்து இன்ஜின் என்றால் எப்படி இருக்கும்?

அதே நோய், வேறு வைத்தியம்

இந்தத் தப்பை ஸ்டாண்டர்டு மட்டும் செய்யவில்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெஸாவைக் கொண்டுவந்தது. பாடி பிரிட்டனின் வாக்ஸால் காருடையது, உள்ளே அம்பாஸடரின் 1.5 லிட்டர் இன்ஜின். அதே வியாதி. அதே திட்டு. ஆனால் அவர்கள் சில வருடங்களிலேயே ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜினை வாங்கிப் பொருத்தினார்கள். கான்டெஸா 2002 வரை வாழ்ந்தது. மந்திரிகள் போனார்கள், சினிமா வில்லன்கள் இறங்கினார்கள், கல்யாண மாப்பிள்ளைகள் ஊர்வலம் வந்தார்கள்.

ஸ்டாண்டர்டு 2000-க்கு அந்த வைத்தியம் நடக்கவில்லை. மைலேஜ் பற்றிக் கம்பெனி காட்டிய கணக்கு பொய் என்ற புகாரும் அதே சமயத்தில் கிளம்பியது. 1988-ல் உற்பத்தி நின்றது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் கார் நின்ற பிறகுதான் நீளமான பகுதி. தொழிலாளர் பிரச்னை, கடன், வழக்கு என்று ஆண்டுகள் ஓடி, சொத்துகள் ஏலம்போய் முடிந்தபோது 2006 ஆகிவிட்டது. கஸல் நின்றபோது 30 வயதில் இருந்த ஒரு ஃபிட்டருக்கு அப்போது 59 வயது. ஹெரால்டுக்கு இரண்டு கதவு கூடுதலாகச் செய்து காட்டிய தொழிற்சாலை அது. தவறான இன்ஜினைத் தேர்ந்தெடுத்தது அந்த ஃபிட்டர் இல்லை.

பெருங்களத்தூர் நிலத்தில் இப்போது ஸ்ரீராம் கேட்வே வளாகம், ஐ.டி அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள். தாம்பரம் தாண்டி ரயிலில் போனால் பார்க்கலாம். மிச்சமிருந்த புத்தம்புது உதிரிபாகங்களை பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற நிறுவனம் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியது. அங்கே பழைய ரோவரைப் பாசமாக வைத்திருக்கிறவர்கள் உண்டு. நம் ஊரில் விற்காத காரின் பாகங்கள் அது பிறந்த ஊர்க் கார்களை ஓட வைக்கின்றன. ரோவர் என்ற பெயரின் உரிமை, 2008-ல் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியதோடு டாடாவிடம் வந்துவிட்டது. அந்த டாடா 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறது!

சரி, உங்கள் பக்கத்து ஊரில் ஏதாவது ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்டு 2000 தூசி படிந்து நிற்கிறது, கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசை வந்தால் தப்பில்லை. லைனர், பிஸ்டனுக்குக் கவலைப்படாதீர்கள், டி.ஆர் கார்களின் புண்ணியத்தில் பிரிட்டனில் கிடைக்கும். முன்கண்ணாடி, கதவு ரப்பர், லைட் இவற்றை முதலில் பாருங்கள், தேடி அலைய வைப்பவை அவைதான். தரைத் தகடு துரு பிடித்திருக்கிறதா என்று வண்டியைத் தூக்கிப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய கார் என்பதால் ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். 'வின்டேஜ்' பதிவு கேட்கலாமே என்றால், அதற்கு 50 வருடம் நிறைய வேண்டும். முதல் ஸ்டாண்டர்டு 2000-க்கே அது 2035-ல்தான்.

முக்கியமாக, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, ஆர்.சி-யில் இருக்கும் இன்ஜின் நம்பரை ஒத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் யாராவது எப்போதாவது டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்திருப்பார்கள். மாற்றியிருந்தால் ஆர்.சி-யில் ஏற்றியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கேட்கத்தானே போகிறார்கள், "என்ன இன்ஜினுங்க?"