பந்தி நிற்காத பெட்டி: குறைந்த விலை சிடி பிளேயர் எப்படி இயங்குகிறது?

நியூ ஜெர்சியில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பேஸ்மென்டில் பெரும்பாலும் ஒரு சிடிப் பெட்டி இருக்கும். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுக் கடைகளில் வாங்கிய படப்பாட்டுகள், நியூயார்க்கின் ஓரியன்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இளையராஜா, டிசம்பரில் ஊருக்குப் போனபோது சென்னை சபா வாசலில் வாங்கிய கச்சேரிகள். கேட்க ஆசை இருக்கிறது, போடத்தான் இடமில்லை. புதுக் காரில் சிடி செருகும் வசதி இல்லை, மடிக்கணினியிலும் இல்லை. அதனால்தான் 30 முதல் 70 டாலருக்குள் கிடைக்கும் கையடக்க பிளேயர்களைப் பலரும் தேடுகிறார்கள். அப்படி ஒன்றை வாங்கி அன்றாடம் கேட்டு வருகிறேன். இந்த விலையிலும் சிடியிலிருந்து இசையை எடுக்கும் வேலை நன்றாகவே நடக்கிறது. குறை வருவதெல்லாம் எடுத்ததைப் பரிமாறும் வழியில்தான்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் சாம்பார் அண்டா. ஒருவர் அதிலிருந்து மொண்டு வாளியில் ஊற்றுகிறார். இன்னொருவர் வாளியோடு பந்திக்கு வந்து இலை இலையாக விடுகிறார். சாப்பிடுகிறவருக்கு அண்டாவைப் பற்றிக் கவலையில்லை. கேட்கும்போது சாம்பார் இலையில் விழவேண்டும். சிடிதான் அண்டா. லேசர், மொள்ளும் கை. பிளேயருக்குள் இருக்கும் நினைவகச் சில்லு, வாளி. இலை, உங்கள் காது.

முதலில் அண்டா. 12 செ.மீ. விட்டமுள்ள அந்தத் தட்டில் சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே சுருளாகத் தடம் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர்தான். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அடியிலிருந்து அந்தத் தடத்தின் நுண்பள்ளங்களைப் படித்துக்கொண்டே உள்ளிருந்து வெளியே நகர்கிறது. இசை, நொடிக்கு 44,100 முறை அளந்த எண்களாக அங்கே பதிவாகியிருக்கிறது. இடம், வலம் என இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தால் நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல். இந்த வேகம் மாறாதிருக்க, உட்சுற்றில் நிமிடத்துக்கு சுமார் 500 முறை சுழலும் தட்டு, வெளிச்சுற்றுக்கு வரும்போது 200 முறைக்கு இறங்கிவிடும். பாட்டு போகப் போக மோட்டாரின் சத்தம் மாறுவது கோளாறு இல்லை.

கீறல் விழுந்த சிடியும் பாடுகிறதே, எப்படி? ஒரு வரிசைக்கு வேண்டிய வடைகளையெல்லாம் ஒரே தட்டில் வைத்து, அந்தத் தட்டு கைதவறிக் கவிழ்ந்தால் வரிசை முழுவதும் வடையில்லை. அதையே பல தட்டுகளில் பிரித்து வைத்து, கையிருப்பாகக் கொஞ்சம் கூடுதலும் போட்டு வைத்தால், ஒரு தட்டு போனாலும் எந்த இலையும் வெறுமையாக இருக்காது. சிடியில் அடுத்தடுத்த நொடித்துணுக்குகளின் எண்கள் இப்படித்தான் கலைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பிழை திருத்துவதற்கென்றே கூடுதல் எண்களும் உண்டு. தடத்தின் போக்கில் இரண்டரை மில்லிமீட்டர் வரை அழிந்திருந்தாலும் முழுமையாக மீட்டுவிடலாம். அதைத் தாண்டினால் பிளேயர் ஊகித்து நிரப்பும், இன்னும் மோசமானால் ஒலியை அடக்கிவிடும். சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கச் சொல்வது இதனால்தான். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியைத்தான் கெடுக்கும். வட்டமாக விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, கையிருப்பையும் தின்றுவிடும்.

இனி வாளி. 1984-இல் சோனி வெளியிட்ட டி-50தான் முதல் கையடக்க சிடி பிளேயர். அதில் வாளியே கிடையாது. மொண்டதை நேராக இலையில் விட்டது. கை ஆடினால் பாட்டு தாவியது. பின்னால் வந்த பிளேயர்கள் தட்டை வேகமாகச் சுற்றி, முன்கூட்டியே படித்து, நினைவகத்தில் சேர்த்து வைத்தன. லேசர் தடம் தவறினாலும் வாளியில் இருப்பது பரிமாறப்படும். அதற்குள் லேசர் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். ஆன்டி-ஷாக் என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான்.

ஆன்டி-ஷாக்கோடு இத்தனை நொடி என்று போட்டிருக்கும் எண்ணைக் கவனித்துப் படிக்க வேண்டும். சிடி ஒலியை அப்படியே வைத்தால் 10 நொடிக்கே கிட்டத்தட்ட 1.8 மெகாபைட் இடம் வேண்டும். நினைவகம் விலை அதிகமாக இருந்த நாளில், சாம்பாரை வற்றக் காய்ச்சிக் கெட்டியாக எடுத்துப்போய் இலைக்கு முன்னால் வெந்நீர் விடுவது போல, ஒலியைச் சுருக்கி வைத்துத்தான் 40 நொடி வரை நீட்டினார்கள். ருசி கொஞ்சம் குறையும். அந்த வகைப் பழைய பிளேயரைக் கராஜ் சேலில் வாங்கினால், உட்கார்ந்து கேட்கும்போது ஆன்டி-ஷாக்கை அணைத்துவிடுங்கள். புதியதில் 100 நொடி, 120 நொடி என்று போட்டிருந்தால், அது சிடிக்கா எம்பி3-க்கா என்று பாருங்கள். எம்பி3 கோப்பு ஏற்கெனவே சுருங்கியது என்பதால் அதே வாளியில் பல மடங்கு அடங்கும்.

ஒரு குலுக்கலைத் தாங்கினால் போதாது, அடுத்தடுத்து வருவதையும் தாங்கவேண்டும். வாளி காலியாகும் வேகத்தைவிட நிரப்பும் வேகம் கூடுதலாக இருந்தால்தான் அது முடியும். மெட்ரோபார்க்கிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷனுக்குப் போகும் ரயிலில் மடியில் வைத்துக் கேட்டேன், பாட்டு அறுபடவில்லை. கையில் தொங்கவிட்டு வேகமாக நடந்தபோது சில நிமிடத்தில் நின்றது. நடைப்பயிற்சிக்கென்றே வாங்குகிறவர்கள் இந்த விலையில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

நம் வகை இசைக்கு இதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. நான் பார்த்த மதிப்புரைகள் எதிலும் அதற்கு முதலிடம் தரக் காணோம். கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு தடம், கீர்த்தனை அடுத்த தடம், தனி ஆவர்த்தனம் இன்னொன்று. எண் மாறுகிறதே தவிர ஒலிப்பதிவு இடைவிடாமல் ஓடுகிறது. மலிவான பிளேயர்கள் சில ஒவ்வொரு தடத்தையும் தனிக் கோப்பாக நடத்தி, நிறுத்தி, தேடி, மறுபடி தொடங்குகின்றன. ஒரு பதார்த்தம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் பின்கட்டுக்குக் கிளம்பும் ஆளைப் போல. படப்பாட்டில் இது தெரியவே தெரியாது. ஆனால் மிருதங்கக்காரர் கோர்வையை முடித்து, பாடகர் எடுப்பில் வந்து சேரும் இடத்தில் தடம் மாறுகிறது என்று வையுங்கள். அங்கே அரை நொடி மௌனம் விழுந்தால் தாளமே உடைந்துபோகும். அரை மணி நேரம் கட்டியெழுப்பியது அந்த ஒரு இடத்துக்காகத்தான். இந்தக் குறையுள்ள பிளேயரை, மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும், நான் வைத்துக்கொள்ள மாட்டேன். ராகம் தானம் பல்லவி உள்ள ஒரு சிடியைப் போட்டு, தடம் மாறும் இடங்களை மட்டும் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எண்களை மின்னலையாக மாற்றும் சில்லு பற்றி நீளமாகப் பேசுவார்கள். 1982-இல் முதல் சிடி பிளேயர்கள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அது விலையுயர்ந்த பாகம். இன்று சில டாலர் சில்லே அந்த வேலையைச் செம்மையாகச் செய்கிறது. காதுக்குப் புலப்படும் வேறுபாடு பெரும்பாலும் அதற்கு அடுத்த படியில், இயர்போனை இயக்கும் பெருக்கியில் வருகிறது. பாட்டைத் தேடாதீர்கள், தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்கத்தைப் போடுங்கள். சுருதிக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலோ மோட்டாரின் முனகலோ கேட்டால் அது பெருக்கியின் குறையாக இருக்கலாம். காதுக்குள் செருகும் நுட்பமான இயர்போனில்தான் இது நன்றாகத் தெரியும். எண்பதுகளின் சில சிடிகள் உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிவானவை; பிளேயர் அதைத் திரும்ப இறக்க வேண்டும். உங்கள் பழைய சிடி ஒன்று மட்டும் காதைக் குத்தினால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

புளூடூத் இருந்தால் வசதி. ஆனால் அது ஒலியை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். டாலஸிலிருந்து ஹூஸ்டனுக்கு 240 மைல் ஓட்டுகிறவருக்கு டயர் சத்தத்தில் அது பொருட்டாக இருக்காது. காரில் ஆக்ஸ் துளை இருந்தால் ஒயரையே போடுங்கள். பேட்டரி உள்ளேயே பூட்டப்பட்டதா, கடையில் வாங்கிப் போடக்கூடியதா என்று பாருங்கள். உள்ளே பூட்டியது தளர்ந்தால் பிளேயரே போயிற்று. சில மலிவுக் கருவிகளுக்கு இருமுனையும் டைப்-சி உள்ள ஒயரில் சார்ஜ் ஏறாது, பழைய யுஎஸ்பி முனையுள்ள ஒயர்தான் வேண்டும். கூடவே வரும் குட்டி ஒயரைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியையும் ரசீதையும் கடை தரும் திருப்பிக்கொடுக்கும் கெடு முடியும்வரை வைத்திருந்து, முதல் வாரத்திலேயே கச்சேரி சிடியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.