பட்டியலில் ஏற்றமும் இறக்கமும்

வானவெளியின் தொலைவில் அறிவுடைய உயிர்கள் உளவோ என்னும் வினா மிகப் பழமையானது. அதற்கு விடை தேடும் முயற்சியில் பொதுமக்களையும் துணைசேர்த்தது, அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். போர்ட்டோ ரிக்கோத் தீவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி திரட்டிய அலைப்பதிவுகளைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து, மக்கள்தம் இல்லக் கணிப்பொறிகளுக்கு இணையவழியே அனுப்பினர். உரியவர் பயன்படுத்தாத வேளையில் அப்பொறிகள் கணக்கிட்டு விடையனுப்பின. ‘ஸெட்டி அட் ஹோம்’ எனும் இத்திட்டம் 1999ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் தொடங்கிற்று. ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதிற் பங்குகொண்டனர்.

இவர்களுக்குக் கூலி ஏதும் இல்லை. தொடக்கத்தில், முடித்த கூறுகளின் எண்ணிக்கை குறிக்கப்பெற்றது. பின்னர்ப் புள்ளிகள் வழங்கப்பெற்றன. புள்ளிகளைக் கொண்டு ஒரு படி அரிசியும் வாங்க இயலாது. ஆயினும், அவற்றை வரிசைப்படுத்தியதும் மக்களின் ஆர்வம் பெருகிற்று. ஆகவே, வரிசையிற் பிழை நேர்ந்தால், உழைத்தவர் பெறும் ஒரே ஊதியத்திற் பிழை நேர்ந்ததாகும்.

இத்தகைய திட்டங்கள் பலவும் தம் உறுப்பினர் புள்ளிகளை எவரும் பெறுமாறு கோப்பாக வெளியிடுகின்றன. அக்கோப்பு இன்றைய நிலையைக் காட்டுமேயன்றி, நேற்றைய இடத்தைக் கூறாது. எனவே, நாள்தோறும் கோப்பினைப் பெற்றுச் சேமித்து, முன்னதனோடு ஒப்பிடும் சிறு நிரல் தேவையாகிறது. வரிசையிற் சிறிய எண்ணே உயர்ந்த இடம். ஆதலின், நேற்றைய எண்ணிலிருந்து இன்றைய எண்ணைக் கழித்தல் வேண்டும். 240ஆம் இடத்தில் இருந்தவர் 225ஆம் இடத்தை எய்தினால், ஏற்றம் 15.

கழித்தல் எளிது, யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதே அரிது. ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். பெயரை மாற்றிக்கொள்வோரும் உண்டு. ஆகவே, மாறாத உறுப்பினர் எண்ணையே நிரல் நோக்குதல் வேண்டும். நேற்றைய பட்டியலில் இல்லாதவரைப் புதியவர் என்றே குறித்தல் வேண்டும். ஏறினார் எனல் பொருந்தாது. ஒருநாள் நிரல் இயங்காது போயின், இருநாள் உழைப்பு ஒருநாள் உழைப்பெனத் தோன்றும். ஆதலின், கோப்புப் பெற்ற காலத்தையும் பதிந்துவைத்தல் இன்றியமையாதது.

ஒருவர் 500 புள்ளிகள் சேர்த்தும் மூன்று இடம் பின்தங்கக்கூடும். அவர் சோம்பியிருந்தார் என்பது இதன் பொருளன்று. பின்னிருந்தோர் அவரினும் மிகுதியாகச் சேர்த்தனர் என்பதே. பட்டியலின் அடிப்பகுதியிலோ பலர் நெருங்கி நிற்பர். அங்குச் சில புள்ளிகளே பல இடங்களைத் தாண்டச்செய்யும். ஆகவே, நல்ல நிரல் இடமாற்றத்தோடு புள்ளிப்பெருக்கத்தையும் காட்டும். முன்னிற்பவர் 6,000 புள்ளிகள் மிகுதியாகப் பெற்றிருக்க, பின்னவர் நாள்தோறும் அவரினும் 200 புள்ளிகள் கூடுதலாகச் சேர்த்தால், 30 நாளில் அவரை எட்டிப்பிடிப்பார்.

வரிசையின் மீது கொண்ட வேட்கையால், உழைக்காமலே உயர முனைந்தோரும் இருந்தனர். எனவே, ஒரே கூறினை வெவ்வேறு பொறிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்திருந்தால் மட்டுமே புள்ளி வழங்கும் முறை வந்தது. மற்றவர் விடை வரும்வரை ஒருவர்தம் புள்ளி நிலுவையில் நிற்கும். சீராக இயங்கிய பொறிக்கும், ஒருநாள் ஏற்றமின்றி மறுநாள் பெரும்பாய்ச்சல் நேர்வது இதனாலேயே.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாளுடன், ஸெட்டி திட்டம் புதிய கூறுகளை அனுப்புவதை நிறுத்தியது. 2005இல் தொடங்கிய ‘ஐன்ஸ்டீன் அட் ஹோம்’ போன்ற திட்டங்கள் இம்முறையிலேயே தொடர்கின்றன.