இரவல் லென்ஸும் மதுரை லென்ஸும்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் கதம்பமும் வாங்க வரும் நம்மவர்கள் நடுவே, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கோ மாமனாருக்கோ கண்ணில் புரை என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். "லென்ஸ் வைக்க எவ்வளவு ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வி.

1980-களில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவுக்கு விற்றது. ஆகவே ஏழைகளுக்குப் புரையை மட்டும் எடுத்துவிட்டு, சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். கண்ணாடி உடைந்தால் பழைய கதைதான்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. அதற்கு அமெரிக்காவிலிருந்து லென்ஸ்கள் நன்கொடையாக வந்தன. நல்ல மனசுதான்; ஆனால் வந்த அளவுக்குத்தானே வைக்க முடியும்? வரிசையில் நிற்பவர்களோ ஆயிரக்கணக்கில். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை முதலியோர் உதவியுடன் 1992-இல் மதுரையிலேயே 'ஆரோலேப்' லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

கருவி தானத்தில் வேறு சங்கடம். அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. கண் பரிசோதிக்கும் ஸ்லிட் லாம்ப்பில் பல்பு போய், அதே பல்பு கிடைக்காவிட்டால், மெஷின் துணி போர்த்தி மூலையில் கிடக்கும். பெறுகிறவரைக் கேட்டு, உதிரி பாகங்களோடு அனுப்புங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே வழிமுறை வெளியிட்டது. ஊர் ஆஸ்பத்திரிக்குக் கருவி வாங்கித் தர நினைக்கும் சங்கத்தார் கவனிக்க வேண்டிய விஷயம்.

பழுது பார்ப்பதற்கென்றே மதுரை அரவிந்தில் தனிப் பயிற்சி உண்டு. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஊழியர்களும் வந்து கற்றுப் போகிறார்கள்.